தாஹிஸ் போரும் இரு கஸீதாக்களும்

அரபு மொழியில் இன்று நமக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய இலக்கியத்தில் பெரும்பகுதி போரைப் பற்றியதாகும். அந்நாளையப் புலவர்கள் 'அய்யாமுல் அரப்', அதாவது அரபியரின் நாட்கள் என்று பேசியபோது, பேரீச்சை அறுத்த நாட்களையோ மணவிழா நாட்களையோ அவர்கள் கருதினாரில்லை. வாளெடுத்த நாட்களையே கருதினர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்று விளங்கிய அபூ தம்மாம் என்னும் கவிஞர் பழம்பாடல்களைத் தேர்ந்து பத்துப் பகுதிகளாகத் தொகுத்தார். இரங்கற்பாவும் காதலும் விருந்தோம்பலும் அவற்றுள் உண்டு. ஆயினும் வீரத்தைப் பாடும் முதற்பகுதியின் பெயரே நூல் முழுமைக்கும் பெயராகி, இன்றளவும் அது 'ஹமாஸா' என்றே வழங்கி வருகிறது.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கும் போர்ப்பாட்டு புதியதன்று. 'படைப்போர்' என்றோர் இலக்கிய வகையைத் தமிழுக்குத் தந்தவர்களே நம் புலவர்கள். ஐந்து படைப்போர், ஸக்கூன் படைப்போர் முதலியன நம் வீட்டுத் திண்ணைகளிலும் முற்றங்களிலும் இராகத்தோடு படிக்கப்பட்டவை. அவற்றுள் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று அளந்து பார்த்தவர் அக்காலத்தில் சிலரே. எதிரி வீழ்வான், கேட்போர் உள்ளம் குளிரும், சீனிச்சோறு பகிர்ந்து கலைவர். இத்தகைய செவியோடுதான் நானும் மத்ரஸாவுக்குப் போய் முஅல்லகாத்தைத் திறந்தேன். அங்கே என்னை நிறுத்தி வைத்தது ஒரே போரிலிருந்து பிறந்த இரு கஸீதாக்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றை விட்டு நான் முழுமையாக நகர்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

முஅல்லகாத் என்பவை, ஸவ்ஸனீ அவர்கள் உரையெழுதிய வரிசைப்படி, ஏழு நெடுங்கவிதைகள். பொன்னெழுத்தில் எழுதிக் கஃபாவில் தொங்கவிடப்பட்டவை என்ற கதையை இக்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. தொங்கினாலும் தொங்காவிட்டாலும் கவிதைக்குக் குறைவொன்றுமில்லை. அவ்வேழனுள் ஒன்று அன்தரா இப்னு ஷத்தாதுடையது. மற்றொன்று ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவுடையது. இரண்டுக்கும் பின்னணி தாஹிஸ், கப்ரா போர்.

தாஹிஸ் என்பது ஆண்குதிரை. கப்ரா என்பது பெண்குதிரை. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கத்ஃபான் பெருங்குலத்தின் இரு கிளைகளான அப்ஸ், துப்யான் ஆகியவற்றுக்கிடையே ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. அப்ஸின் தலைவர் கைஸ் இப்னு ஸுஹைர். எதிர்த்தரப்பில் ஹுதைஃபா இப்னு பத்ர். (இந்தக் கைஸின் தந்தையான ஸுஹைர் வேறு, நம் கவிஞர் ஸுஹைர் வேறு என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்க.) எந்தக் குதிரை யாருடையது, பணயம் எத்தனை ஒட்டகம் என்பவற்றில் கதைகள் பலவாறு பிரிகின்றன. ஒன்றில் மட்டும் எல்லாம் ஒத்துப்போகின்றன: முந்திவந்த தாஹிஸை வழியில் ஆள்வைத்து மடக்கினார்கள். மடக்கியது ஒரு குதிரையை. வீழ்ந்தது ஒரு தலைமுறை. சச்சரவில் ஓர் உயிர் போயிற்று. அதற்கு இரத்த ஈட்டுத் தொகையாகிய தியத் கொடுக்கப்பட்டது, பெற்றுக்கொள்ளவும் பட்டது. அதன் பின்னும் கைஸின் சகோதரர் மாலிக் கொல்லப்பட்டார். பிறகு தடுப்பாரில்லை. நாற்பது ஆண்டு நீடித்தது என்பது மரபு. பஸூஸ் போரையும் நாற்பது ஆண்டு என்றே சொல்வார்கள். ஆகவே இவ்வெண்ணை 'மிக நீண்ட காலம்' என்று பொருள்கொள்வதே பொருத்தமாகும்.

அப்ஸ் தரப்பில் நின்று போரிட்டவர் அன்தரா. தந்தை ஷத்தாத் குலமகன். தாய் ஸபீபா அபிசீனிய அடிமை. அடிமையின் பிள்ளை அடிமையே என்ற வழக்கப்படி ஒட்டகம் மேய்த்தார். பகைவர் திடீரெனப் பாய்ந்த ஒருநாள் தந்தை அவரைப் போருக்கு ஏவ, பால் கறக்கத் தெரிந்த அடிமைக்குப் பாயத் தெரியுமோ என்ற பொருளில் மகன் மறுமொழி சொன்னாராம். "பாய், நீ விடுதலையானவன்" என்றார் தந்தை. அன்றுமுதல் வாள்தான் அவருக்குக் குலமும் கோத்திரமும். ஆகையால் அவருடைய கஸீதாவில் வாள் இத்துணைப் பெருமையோடு பேசுவதில் வியப்பில்லை. அதை வெறும் தற்புகழ்ச்சி என்று தள்ளுவோர் அவர் பிறப்பை மறந்தவர்கள். கொள்ளைப் பொருளில் தமக்கு நாட்டமில்லை என்று அவர் சொல்லிக்கொள்ளும் இடமும் அவ்வாறே உணரத்தக்கது.

அக்கவிதையில் என் நெஞ்சைத் தொட்ட இடம் வேறு. அவருடைய குதிரை மார்பெல்லாம் ஈட்டி தைத்து, கண்ணீரும் கனைப்புமாய்த் தம் எசமானனை நோக்கித் திரும்புகிறது. பேசத் தெரிந்திருந்தால் அது முறையிட்டிருக்கும் என்று கவிஞர் எண்ணுகிறார். எதிரில் சாய்ந்த மனிதர்களுக்காக அவர் கண் கலங்கியதாகக் கவிதையில் இல்லை. குதிரைக்காக ஒரு கணம் நிற்கிறார். குதிரையின் பேரால் மூண்ட போரில், பாடல்பெற்ற துயரம் குதிரையுடையதாயிற்று.

இனி ஸுஹைருக்கு வருவோம். இவர் முஸைனா குலத்தவர், கத்ஃபானியரிடையே வாழ்ந்தவர், போரை அருகிருந்து கண்ட முதியவர். தம் வயது எண்பது என்றும், வாழ்க்கையின் சுமை தமக்கு அலுத்துவிட்டது என்றும் கவிதையிலேயே சொல்லிக்கொள்கிறார். ஒரு கஸீதாவை ஓராண்டு முழுவதும் வைத்துத் திருத்துவாராம். அத்தகையவற்றுக்கு 'ஹவ்லிய்யாத்', அதாவது ஆண்டுப்பாடல்கள் என்றே பெயர். மரபுப்படி, பாழ்பட்ட பழைய இருப்பிடத்தின் முன் நின்று தொடங்குகிறார். இருபதாண்டு கழித்து வந்ததால் இடமே எளிதில் அடையாளம் தெரியவில்லை. உரைகாரர்கள் இதைக் காதல் முகப்பு என்று கூறிக் கடந்துவிடுவர். எனக்கோ, நீண்ட போர் தின்ற நிலத்தை வேறெப்படித் தொடங்குவது என்றே தோன்றும்.

அதன்பின் அவர் புகழ்வது போர்வீரரை அன்று. ஹரிம் இப்னு ஸினான், அல்ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்னும் இருவரைப் புகழ்கிறார். இருவரும் துப்யானின் முர்ரா கிளையினர். இரு தரப்பும் மன்ஷிம் என்பவளின் நறுமணத்தை இடித்துப் பூசிக்கொண்ட பின், அதாவது இறுதிவரை போரிடுவதென ஆணையிட்டு அழியத் துணிந்த பின், இடையில் புகுந்து சமாதானம் செய்தவர்கள் இவர்கள். எவ்வாறு செய்தார்கள்? உபதேசத்தால் அன்று. இரு தரப்பிலும் இறந்தோரை எண்ணினார்கள், ஒன்றுக்கொன்று கழித்தார்கள், மிகுதியாக நின்ற உயிர்களுக்கான தியத்தைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்கள். மூவாயிரம் ஒட்டகங்கள் என்றும், மூன்றாண்டில் கொடுத்து முடித்தனர் என்றும் சொல்வர். ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம் என்ற கணக்கில் பார்த்தால் முப்பது உயிர்களின் விலை. கொடுத்த இருவரும் யாரையும் கொன்றவர்கள் அல்லர். இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமாக் குப்பியை இவ்விடத்தில் கவிஞர் நினைவூட்டுகிறார்: அவ்வளவு சிறு அளவு இரத்தங்கூடச் சிந்தாதவர்கள், தவணை முறையில் பிறர் கடனை அடைத்தார்கள். வீரத்தைப் பாடிய மொழியில் தவணையைப் பாடியவர் இவர்.

போரைக் குறித்து அவர் அடுக்கும் உவமைகளும் அடுப்படியிலும் தொழுவத்திலும் பிறந்தவையே. மாவு சிந்தாதபடி கீழே தோல் விரித்துச் சுழற்றும் திரிகை. கிளறக் கிளறப் பற்றும் நெருப்பு. ஆண்டுதோறும் சினையுற்று இரட்டையாய் ஈனும் ஒட்டகம். நாட்டையாளும் மன்னர் எவரும் இவற்றைக் கேட்டு மார்தட்ட முடியாது. மாவரைத்த பெண்ணுக்கும் ஒட்டகம் மேய்த்த சிறுவனுக்கும் உடனே விளங்கும்.

ஹரிமுக்கும் கவிஞருக்கும் இருந்த உறவு சுவையானது. தம்மை ஸுஹைர் புகழ்ந்தாலும், வெறுமனே முகமன் கூறினாலும் ஒரு பரிசு தருவதென்று ஹரிம் ஆணையிட்டிருந்தார். வாங்கி வாங்கி நாணிய கவிஞர், பிறகு ஹரிம் இருக்கும் சபையில் நுழையும்போது, "ஹரிமைத் தவிர மற்ற அனைவருக்கும் என் முகமன், தவிர்க்கப்பட்டவரே உங்களுள் சிறந்தவர்" என்பாராம். பிற்காலத்தில் ஹரிமின் மக்களில் ஒருவரைச் சந்தித்த உமர் (ரலி) அவர்கள், ஸுஹைருக்கு உங்கள் குடும்பம் தந்தவை அழிந்துபோயின, அவர் உங்களுக்குத் தந்ததோ நிலைத்திருக்கிறது என்ற கருத்துப்படக் கூறினார்கள் என்பது இலக்கிய நூல்களில் பெயர்பெற்ற செய்தி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போர்வையைப் பெற்ற கஅப் (ரலி) இந்த ஸுஹைரின் மகனே. நம் வீடுகளில் ஓதப்படும் பூஸீரி இமாமின் புர்தா அதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு பிந்தியது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் நம்மில் அநேகர்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அன்தராவின் கஸீதா எவ்வாறு முடிகிறது? வெற்றி முழக்கத்தோடு அன்று. ளம்ளம் என்பவரின் இரு மக்கள்மீது காலச்சக்கரம் திரும்புவதைக் காணாமலே தாம் இறந்துவிடக்கூடும் என்ற கவலையோடு முடிகிறது. (ஸம்ஸம் நீரோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை, எழுத்தே வேறு.) அவ்விருவரும் அன்தராவைப் பழித்து, உயிர்வாங்கக் காத்திருக்கிறார்களாம். ஏன்? அவர்களுடைய தந்தையைப் பறவைக்கும் விலங்குக்கும் இரையாக்கியவர் தாமே என்று அன்தராவே சொல்லிவிடுகிறார். முரைகிப் என்னும் களத்தில் அது நிகழ்ந்தது என்பர் உரைகாரர். அம்மக்களின் பெயர் ஹரிம், ஹுஸைன். இந்த ஹரிம் சமாதானம் செய்த ஹரிம் அல்லர்.

ஸுஹைரின் கஸீதாவில் நடுநாயகமாக வரும் இடையூறு எது? அதே ஹுஸைன் இப்னு ளம்ளம். இடைப்பட்ட காலத்தில் அவருடைய சகோதரர் ஹரிமையும் அப்ஸ் குலத்து வர்து இப்னு ஹாபிஸ் என்பவர் கொன்றுவிட்டார். வர்தையோ அவருடைய கிளையைச் சேர்ந்த வேறொருவரையோ கொல்லும்வரை தலை கழுவுவதில்லை என்று ஹுஸைன் ஆணையிட்டார். ஊரெல்லாம் சமாதானத்தில் கையடித்தபோது அவர் அதில் சேரவுமில்லை, சேராததை வெளியே சொல்லவுமில்லை. அந்நிலையில் அப்ஸ் குலத்து வழிப்போக்கர் ஒருவர் அவரிடம் விருந்தினராய் வந்து இறங்கினார். நீர் யார் என்று கேட்டார், வந்தவர் சொன்னார். அதில் எந்தக் கிளை என்று கேட்டார், அதையும் சொன்னார். கேள்வி மேல் கேள்வியாய் வர்தின் கிளைவரை வந்து நின்றதும், விருந்தினரை வெட்டினார்.

இரு கவிதைகளையும் தனித்தனியே ஓதுவோருக்கு ஹுஸைன் ஒன்றில் பெயரளவான பகைவர், மற்றொன்றில் சமாதானத்தைக் குலைத்த துரோகி. அடுத்தடுத்து வைத்து ஓதினால் ஒரு வீடு தெரிகிறது: தந்தையின் உடல் அடக்கமின்றிக் கிடந்தது, சகோதரர் போனார், எஞ்சியவர் தலை கழுவாமல் உட்கார்ந்திருக்கிறார். தந்தையின் சடலத்தைப் பெருமைப் பாட்டாக்கிச் சந்தைதோறும் ஒருவர் ஓதிவருகிறார். அந்த ஓசை இவர் செவிக்கு எட்டாமலா இருந்திருக்கும்? விருந்தினரைக் கொன்றது எந்தச் சட்டத்திலும் பாதகம். அதை மழுப்ப நான் வரவில்லை. ஆனால் மூவாயிரம் ஒட்டகத்தை எண்ணியவர்களின் கணக்கில் இவர் வீட்டுப் பிணங்கள் எதிர்த்தரப்புப் பிணங்களோடு கழிந்துபோயிருக்கும். கணக்கில் நேரானது மனத்தில் நேராகவில்லை. போரைப் பற்றி நான் படித்த எந்தத் தத்துவ நூலும் இதை இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை.

அதன் பின் நடந்தது கவிதையைவிடப் பெரியது. செய்தி கேட்ட அப்ஸ் குலத்தார் அல்ஹாரிஸின் இருப்பிடம் நோக்கிக் குதிரையேறினர். அல்ஹாரிஸ் படை திரட்டவில்லை. நூறு ஒட்டகங்களையும், அவற்றோடு தம் சொந்த மகனையும் அனுப்பி வைத்தார். ஒட்டகங்களின் பால் உங்களுக்கு உவப்பா, பழிக்கு ஓர் உயிர் உவப்பா, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது செய்தி. ரபீஉ இப்னு ஸியாத் தம் மக்களைப் பார்த்து, உங்கள் சகோதரர் இவ்வாறு கேட்டனுப்பியிருக்கிறார் என்று எடுத்துரைத்தார். ஒட்டகங்களைக் கொண்டு, மகனைத் திருப்பியனுப்பிச் சமாதானத்தை முழுமையாக்கினர். அந்த மகன் ஒட்டக மந்தையின் நடுவே எதை நினைத்துக்கொண்டு நடந்திருப்பான்! அவனைப் பாடியவர் யாருமில்லை.

இக்கஸீதாக்களை நடத்தும்போது என் மாணவர்கள் அன்தராவை மனப்பாடம் செய்வார்கள். ஸுஹைரைப் பரீட்சைக்குப் படிப்பார்கள். கூர்மையான பையன் ஒருவன் ஒருமுறை, "ஹழ்ரத், அன்தரா காட்டுகிறார், ஸுஹைர் பயான் செய்கிறார்" என்றான். கவிதைத் திறனாய்வாக அது முற்றிலும் தவறென்று சொல்ல என்னால் இயலவில்லை. கஸீதாவின் இறுதிப்பகுதி பெரும்பாலும் நீதிமொழிகளே. அதிலும் ஒன்று என்னைப் பல ஆண்டு உறுத்தியதுண்டு. தன்னைத் தானே ஆயுதத்தால் காத்துக்கொள்ளாதவனும், பிறரை அஞ்சவைக்காதவனும் இவ்வுலகில் என்ன ஆவான் என்று ஸுஹைர் ஈவிரக்கமின்றிச் சொல்கிறார். சமாதானப் புலவரிடம் இதுவா என்று மனம் கேட்கும். அது கட்டளையன்று, உலகநடையைச் சொல்லும் கூற்று என்று விளக்கம் கூறலாம். எனக்கு அவ்விளக்கம் முழு நிறைவு தருவதில்லை. பாலைவனத்தில் எண்பதாண்டு வாழ்ந்தவர் தாம் கண்டதைச் சொன்னார். திரிகையையும் தெரிந்தவர், கிணற்றுக் காவலையும் தெரிந்தவர். ஆகவேதான் அவர் சமாதானத்தைப் புகழும்போது, வாளின் பயன் அறியாதவர் பேச்சென்று யாரும் தள்ள முடிவதில்லை.

நான் ஓதிய அந்நாட்களில் ஈராக்–ஈரான் போர் இன்னும் ஓயவில்லை. 1980 செப்டம்பரில் தொடங்கி 1988 ஆகஸ்டில் முடிந்த அப்போருக்கு ஈராக்கிய அரசு, ஏழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற களத்தை நினைவூட்டி, 'ஸத்தாமின் காதிஸிய்யா' என்று பெயர் சூட்டியது. பெயர் சூட்டியபின் அதற்கேற்ற கவிதைக்குப் பஞ்சமிருக்குமா? இரு பக்கமும் கலிமா சொன்னவர்கள் மடிந்தார்கள். போர்க்கவிதையைத் தேடி எடுக்கும் ஆட்சியாளரின் கை, அலமாரியில் அன்தராவின் பக்கம்தான் நீளும். ஸுஹைரை எடுத்தால் எண்ணிக் கொடுக்க வேண்டிவரும்.

அல்ஹாரிஸுக்கு இம்மனம் எங்கிருந்து வந்தது? அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானியின் 'கிதாபுல் அகானி'யில் ஒரு செய்தி உண்டு. அல்ஹாரிஸ் தய்யி குலத்துத் தலைவர் அவ்ஸ் இப்னு ஹாரிஸாவிடம் பெண் கேட்டுச் சென்றார். மூத்த மகளிர் இருவரும் மறுக்க, இளையவள் புஹைஸா இசைந்தாள். மணம் முடிந்து அணுகியபோது, தந்தையின் இல்லத்திலா என்றாள். வழியில் அணுகியபோது, சிறைபிடித்த பெண்ணைப் போலவா என்றாள். ஊர் சேர்ந்து, அறுத்துப் பலருக்கும் விருந்தளித்த பின் அணுகியபோது, "அரபியர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருக்கையில் உமக்குப் பெண்களோடு இருக்க ஓய்வு கிடைத்ததோ? போய் அவர்களுக்கிடையே சமாதானம் செய்துவிட்டு வாரும்" என்றாள். போய்ச் செய்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். அகானியின் செய்திகளை ஹதீஸ்போல் எடைபோட முடியாதுதான். என்றாலும் இதைக் கேட்ட நம் வீட்டுப் பெண்மணிகள் யாரும் இதை நம்ப மறுத்ததை நான் கண்டதில்லை.

வரலாறு இங்கே நேர்கோடாய்ப் போய் நிற்கவில்லை. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (627) அகழ்ப்போரில் மதீனாவைச் சூழ்ந்த படைகளில் கத்ஃபானியரும் இருந்தனர். ஃபஸாராவுக்குத் தலைவர் உயைனா இப்னு ஹிஸ்ன். பந்தயத்தைக் கெடுத்த ஹுதைஃபாவின் பேரர். முர்ராவுக்குத் தலைவர் வேறு யாருமல்லர், மூவாயிரம் ஒட்டகம் சுமந்த அல்ஹாரிஸ் இப்னு அவ்ஃபே. பின்னர் ஹிஜ்ரி 9இல் முர்ரா தூதுக்குழுவோடு மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவினார். அடுத்த ஆண்டு அரஃபாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறியாமைக் காலத்து இரத்தப்பழிகள் யாவும் தம் பாதத்தின் கீழ் மிதிக்கப்பட்டன என்று அறிவித்தபோது, முதலில் தள்ளுபடி செய்தது தம் குடும்பத்துக்கு வரவேண்டிய பழியை. ரபீஆ இப்னுல் ஹாரிஸின் மகனுக்கான பழியை. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹஜ்ஜு ஹதீஸில் இது வருகிறது. அல்ஹாரிஸ் தம் பொருளைக் கொடுத்துப் பிறர் பழியை அடைத்தார். இங்கோ உரிமையுடையவர்களே தம் உரிமையை முதலில் விட்டார்கள்.

கைஸ் இப்னு ஸுஹைரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஹபாஆ என்னும் நீர்நிலையருகே ஹுதைஃபாவையும் அவர் சகோதரர் ஹமலையும் அப்ஸ் குலத்தார் வீழ்த்தினர். அதைப் பற்றிக் கைஸ் பாடியவை ஹமாஸாவில் இடம்பெற்றுள்ளன. தாகம் தணிந்ததென்று தொடங்குபவர், தம் உடம்பிலேயே ஓர் உறுப்பை இழந்தவரைப் போலப் பேசி முடிக்கிறார். சமாதானம் கூடிவந்தபோது அவர் அதில் தம் குலத்தாரை அனுப்பினார். தாம் மட்டும் உடன் செல்லவில்லை. தந்தையையோ கணவரையோ மகனையோ சகோதரரையோ தம்மால் இழந்த ஒரு துப்யான் பெண் தம் முகத்தைப் பார்க்க நேரக்கூடாது என்றாராம். பிறகு உமான் பக்கம் போய், கிறிஸ்தவத் துறவியாய் வாழ்ந்து அங்கேயே இறந்தார் என்று ஒரு வழக்கு உண்டு.